எந்தப் படம் எட்டு எபிசோடு தாங்கும்?

"இதை வெப் சீரீஸா எடுத்திருக்கலாம்" என்று ஒரு படத்தைப் பற்றிச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அதற்கு அர்த்தம் "படம் நீளம், நெளிந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன்" என்பதுதான். நீளமான படம் வேறு, சீரீஸ் ஆகக்கூடிய படம் வேறு. மூன்று மணி நேரம் ஓடியும் எட்டு எபிசோடுக்குத் தேறாத படங்கள் உண்டு. இரண்டே மணி நேரத்தில் முடிந்தாலும் நான்கு சீசனுக்குத் தீனி வைத்திருக்கிற படங்களும் உண்டு.

நான் தினசரி சீரியலுக்கு சீன் பேப்பர் (காட்சியும் வசனமும்) எழுதி வளர்ந்தவள். பிறகு வெப் சீரீஸ் கதை டிஸ்கஷன்களில் உட்கார ஆரம்பித்தேன். அங்கே ஒரு பழைய படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். "இதோட உலகம் செம பெருசுங்க" என்பார்கள். அந்த உலகம் நிஜமாகவே பெரிசா, இல்லை இவருக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துப்போய்விட்டதா என்று பிரித்தறிய நான் செய்கிற சில சோதனைகளை எழுதுகிறேன். உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோட்டும் பேனாவும் வேண்டும். சீரீஸ் என்று நான் சொல்வது ஆறு முதல் பத்து எபிசோடு வரை, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். தினசரி சீரியல் வேறு ஜாதி, அதை இங்கே கலக்க வேண்டாம்.

முதலில் நிமிடக் கணக்கு

ஒரு சராசரி தமிழ்ப் படம் 150 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பாட்டு, பாட்டுக்கு நாலரை நிமிடம். மூன்று சண்டை, சண்டைக்கு ஐந்து நிமிடம். ஹீரோ நடந்து வருவது, கண்ணாடியைக் கழற்றுவது, திரும்பி நிற்பது எல்லாம் சேர்த்து இன்னொரு ஐந்து. இவ்வளவையும் கழித்தால் கதையாக மிஞ்சுவது சுமார் 108 நிமிடம். எட்டு எபிசோடு, தலா 45 நிமிடம் என்றால் 360. ஆக, உங்களுக்கு 250 நிமிடம் குறைகிறது. இரண்டு முழுப் படங்களின் கதைக்கும் மேலே.

இந்த 250 நிமிடம் எங்கிருந்து வரும்? எல்லாச் சோதனையும் இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதுதான். இருக்கிற காட்சிகளை இழுத்து நிரப்பினால் மூன்றாவது எபிசோடிலேயே தெரிந்துவிடும். பார்ப்பவர் வேகத்தை ஒன்றரை மடங்குக்கு ஏற்றிவிட்டு, சட்னி அரைக்கப் போய்விடுவார்.

அதனால் முதல் வேலை: படத்தில் இல்லாத, ஆனால் அந்தப் படத்தின் உலகத்தில் கட்டாயம் நடந்திருக்க வேண்டிய 20 காட்சிகளை ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். மூன்று நிபந்தனைகள். குறைந்தது 12 காட்சிகளில் ஹீரோ இருக்கக் கூடாது. சின்ன வயசு ஃபிளாஷ்பேக் கூடாது, அது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, எதற்கும் உதவாதது. ஒவ்வொரு காட்சியிலும் யாருக்காவது ஒன்று வேண்டும், இன்னொருவர் அதைத் தர மறுக்க வேண்டும்.

பத்துப் பதினொன்றில் பேனா நின்றுவிட்டால் அந்தப் படத்தை மூடி வைத்துவிடலாம். அது நல்ல படமில்லை என்று அர்த்தமில்லை. எழுதியவர் எதையும் மிச்சம் வைக்காமல் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டார் என்று அர்த்தம். கச்சிதமான படங்களில்தான் பேனா சீக்கிரம் நிற்கும்.

பாட்டுக்குள் ஒளிந்திருக்கிற வருடங்கள்

பேனா நிற்கிற இடத்தில் நான் அடுத்துப் பார்ப்பது மான்டேஜ் பாட்டுகளை. நம் படங்களில் இது பெரிய புதையல். திரைக்கதை எழுதும்போது கஷ்டமான இடம் வந்தால் நாம் பாட்டைப் போட்டுத் தாண்டிவிடுவோம். காதல் வளர்வது, தொழில் வளர்வது, பிள்ளை வளர்வது, பகை வளர்வது, எல்லாம் நாலரை நிமிடத்தில்.

'அண்ணாமலை' (1992) ஞாபகம் இருக்கிறதா? நண்பனிடம் சவால் விட்டுவிட்டு வருகிற பால்காரர், ஒரு பாட்டு முடிவதற்குள் ஹோட்டல் அதிபர் ஆகிவிடுகிறார். தியேட்டரில் அது சரி. விசில் அடிக்கிற நேரத்தில் யாரும் வங்கிக் கடனைப் பற்றிக் கேட்பதில்லை. ஆனால் சீரீஸ் எழுதுகிறவருக்கு அந்தப் பாட்டுதான் சீசன் 1. முதல் கடனை யார் கொடுத்தார்கள், எதை அடகு வைத்தார், கூட வந்தவர்களில் யாரை வழியில் கைவிட்டார், பணம் வந்த முதல் வருடம் வீட்டில் பேச்சு எப்படி மாறியது? சவாலும் பழிவாங்கலும் படத்திலேயே திருப்தியாக இருக்கின்றன, அவற்றைத் தொட வேண்டாம். தாண்டிப் போன இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

உங்கள் படத்தின் ஒவ்வொரு பாட்டையும் எடுத்து, "இது தொடங்கும்போது என்ன நிலைமை, முடியும்போது என்ன நிலைமை" என்று எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே தூரம் அதிகமாக இருக்கிற பாட்டைச் சிவப்பில் வட்டமிடுங்கள். தூரமே இல்லாத பாட்டு, அதாவது வெளிநாட்டில் ஆடிவிட்டு அதே சோபாவில் வந்து உட்காருகிற பாட்டு, நமக்கு வேண்டாம்.

மறுநாள் காலையில் இவர்களுக்கு வேலை இருக்கிறதா?

இதுதான் நான் ரொம்ப நம்புகிற சோதனை. படத்தின் கடைசிக் காட்சி முடிந்து, மறுநாள் காலை விடிகிறது. பாத்திரங்கள் எழுந்து என்ன செய்வார்கள்? அவர்கள் செய்கிற வேலை, இருக்கிற இடம், அவர்கள் தேடிப் போகாமலே ஒரு புதுப் பிரச்சினையை வாசலில் கொண்டுவந்து போடுமா?

இதற்கு எல்லோரும் படிக்க வேண்டிய பாடம் 'மாஷ்'. 1970-ல் ராபர்ட் ஆல்ட்மன் எடுத்த படம், கொரியப் போரில் ஒரு ராணுவ நடமாடும் மருத்துவமனை. 1972-ல் அது தொலைக்காட்சித் தொடராகி 1983 வரை, 251 எபிசோடு ஓடியது. நிஜப் போர் நடந்ததே 1950 முதல் 1953 வரை மூன்று வருடம்தான், தொடர் பதினொரு வருடம். கடைசி எபிசோடை அமெரிக்காவில் மட்டும் 10 கோடிக்கும் அதிகமானோர் பார்த்தார்கள். ஏன் அவ்வளவு தாங்கியது? மூன்று காரணம் சொல்வேன். காயம்பட்டவர்களோடு ஹெலிகாப்டர் வந்துகொண்டே இருக்கும், யாரும் கதையைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. அங்கே இருக்கிற யாரும் நினைத்தபடி கிளம்பிப் போக முடியாது, ராணுவம். ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாதவர்கள் ஒரே கூடாரத்தில் தூங்க வேண்டும். வேலை வாசலுக்கு வர வேண்டும், கதவு பூட்டியிருக்க வேண்டும், உள்ளே ஒத்துவராதவர்கள் இருக்க வேண்டும். இந்த மூன்றும் உங்கள் படத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

(சீரியல் எழுதுகிறவர்களை வெப் சீரீஸ் உலகத்தில் கொஞ்சம் கீழே வைத்துத்தான் பார்ப்பார்கள். ஆனால் ஒரு வீடு, பிரிக்க முடியாத ஒரு சொத்து, இரண்டு மருமகள்கள் என்று வைத்து ஆயிரம் எபிசோடு ஓட்டுகிறவர்களுக்கு இந்த மூன்றும் ரத்தத்தில் ஊறியிருக்கும். கேட்டால் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.)

எதிர்ப்பக்கம் 'மைனாரிட்டி ரிப்போர்ட்'. 2002 படம். குற்றம் நடப்பதற்கு முன்பே குற்றவாளியைப் பிடிக்கிற ஒரு போலீஸ் பிரிவு. கேட்கும்போதே வாரா வாரம் ஒரு கேஸ் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் படத்தின் முடிவில் அந்தப் பிரிவையே கலைத்துவிடுகிறார்கள், கதையின் நியாயமே அதுதான். 2015-ல் வந்த தொடர் அதற்குப் பிந்தைய வருடங்களில் தொடங்கியது. இயந்திரத்தை உடைத்துப்போட்ட இடத்திலிருந்து இயந்திரக் கதை சொல்ல வேண்டிய நிலைமை. பத்து எபிசோடோடு முடிந்துபோனது.

'காசாபிளாங்கா' (1942) கேட்க இன்னும் ஆசையாக இருக்கும். போர்க்காலம், ஒரு மது விடுதி, அகதிகள், போலி விசா, தினம் ஒரு புது ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு வருவான். மறுநாள் காலைச் சோதனையில் முதல் வகுப்பில் தேறும். இரண்டு முறை தொடராக எடுத்தார்கள், 1955-லும் 1983-லும். 1983-ல் வந்தது ஐந்தே எபிசோடு. அந்தப் படத்தின் உயிர் விடுதியில் இல்லை என்பது என் கணிப்பு. யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுக்காத ஒருவன், ஒரே ஒரு முறை விட்டுக்கொடுக்கிறான். அதை வாரா வாரம் செய்ய முடியாது. அதனால் வேலை இருக்கிறதா என்று பார்த்த கையோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: படத்தில் நம்மை அடித்துப்போட்ட விஷயம் ஒரு முறை மட்டுமே நடக்கக்கூடியதா?

'96' (2018) அப்படிப்பட்டது. ராமும் ஜானுவும் ஒரு ராத்திரி பேசிக்கொண்டிருக்கிறார்கள், விடிந்தால் விமானம். அடுத்த வாரம் மறுபடி சந்திப்பார்கள் என்றால் அந்த ராத்திரிக்கு மதிப்பே இல்லை. 'கைதி'யும் (2019) ஒரே ராத்திரிதான், ஆனால் அதன் கேஸ் கொஞ்சம் வேறு. ஹீரோ டில்லி மகளைப் பார்க்கப் போவது ஒரு முறை நடப்பது, சரி. ஆனால் அந்தக் கமிஷனர் அலுவலகம், லாக்கப்பில் கிடக்கிற சரக்கு, கதவை அடைத்துக்கொண்டு உள்ளே நிற்கிற ஒரு கான்ஸ்டபிளும் சில கல்லூரிப் பையன்களும்? நெப்போலியன் என்கிற அந்தக் கான்ஸ்டபிள் அங்கே அன்றுதான் மாற்றலாகி வருகிறார். அவரை வைத்து எழுதச் சொன்னால் இன்றைக்கே உட்கார்ந்துவிடுவேன். டில்லியை லாரியோடு படத்திலேயே விட்டுவிடலாம்.

ஓரத்தில் நிற்கிறவர் யார்?

ஹீரோவுக்குப் படத்தில் போதுமான நேரம் கொடுத்தாயிற்று. படம் யாரை அவசரமாக ஓரங்கட்டியது என்று தேடுங்கள்.

'ஃபிரைடே நைட் லைட்ஸ்' 2004-ல் படமாக வந்தது, பள்ளி ஃபுட்பால் அணியும் அதன் பயிற்சியாளரும். பயிற்சியாளரின் மனைவியாக நடித்தவர் கோனி பிரிட்டன். படத்தில் அவருக்குப் பெரிய வேலை கிடையாது. 2006-ல் தொடர் தொடங்கியபோதும் மனைவி வேடத்துக்கு அவரேதான். ஆனால் இந்த முறை அந்தப் பெண்ணுக்குப் பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள், பிறகு அவரையே முதல்வராக்கினார்கள். பள்ளிக்கு வருகிற பணம் மைதானத்துக்கா வகுப்பறைக்கா என்ற சண்டை புருஷன் பொண்டாட்டி சண்டையாக வீட்டுக்குள் வந்தது. ஐந்து சீசன் அந்தத் தம்பதிதான் தாங்கினார்கள். படத்தில் ஓரத்தில் நின்றவர் தொடருக்கு ஒரு தூண்.

இதைப் படித்துவிட்டு 'சார்பட்டா பரம்பரை'யைப் (2021) பாருங்கள். என்னைக் கேட்டால் சமீப காலத்தில் சீரீஸாக வந்திருக்க வேண்டிய தமிழ்ப் படம் என்றால் இதுதான், நீளத்துக்காகச் சொல்லவில்லை. எழுபதுகளின் வட சென்னை, இரண்டு குத்துச்சண்டைப் பரம்பரைகள், நடுவில் நெருக்கடி நிலை. 1976-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது கதைக்குள்ளேயே வந்து ஒரு போட்டியைக் குலைக்கிறது. மறுநாள் காலைக்கு வேலை இருக்கிறது, அடுத்த போட்டி. கதவு பூட்டியிருக்கிறது, பரம்பரையை விட்டு ஒருவன் அவ்வளவு லேசாகப் போக முடியாது. டான்சிங் ரோஸ் ஒரே ஒரு சண்டைக்கு வந்தார், ஊரே அவரைப் பற்றிப் பேசியது. அந்த ஆள் அந்த ஆட்டத்தை யாரிடம் கற்றார், தோற்ற ராத்திரி எதிர்ப் பரம்பரையில் அவரை எப்படி நடத்தினார்கள்? ஹீரோ கபிலன் சாராயத் தொழிலில் இறங்கிச் சீரழிகிற காலம் படத்தில் அவசரமாக ஓடுகிறது. அவன் மனைவி மாரியம்மா அந்த வருடங்களில் எப்படி வீட்டை நடத்தினாள்? பயிற்சியாளர் ரங்கனின் சொந்த மகனுக்கு, அப்பா வேறு ஒருவனைத் தேர்ந்தெடுத்த பிறகு, வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படிப் போயிருக்கும்? என் 20 காட்சிகள் இதில் நிமிடத்தில் நிரம்பிவிடும்.

'வட சென்னை' (2018) இன்னொரு விதம். ராஜன் கொல்லப்பட்ட பிறகு அவன் மனைவி சந்திரா பழி தீர்க்கக் காத்திருக்கிறாள், வருடக்கணக்கில். சினிமாவுக்குக் காத்திருப்பு பெரிய தலைவலி, வெட்டிவிட்டு "இத்தனை வருடங்களுக்குப் பிறகு" என்று போட்டுவிடத்தான் தோன்றும். சீரீஸுக்கு அதுவே பலம். எதிரிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டு, ஒவ்வொரு எபிசோடிலும் யாரிடமாவது மாட்டிக்கொள்ளப் பார்க்கிற ஒரு பெண். நான் எழுதினால் முதல் ஃபிரேமிலிருந்து சந்திராவின் கதையாகத்தான் எழுதுவேன். ஹீரோ அன்புவை மூன்றாவது எபிசோடில் உள்ளே விடுவேன்.

இடைவேளையை முன்னால் தள்ளிப் பாருங்கள்

சின்னச் சோதனை, ஆனால் பலரை மடக்கிவிடும். உங்கள் படத்தின் இடைவேளைத் திருப்பத்தை முதல் எபிசோடின் கடைசியில் வையுங்கள். கதை இன்னும் நிற்கிறதா?

'விக்ரம்' (2022) படத்தில் முகமூடிக்காரன் யார் என்பது இடைவேளைக்கு. அதை முதல் எபிசோடிலேயே உடைத்தால், அதுவரை அமர் என்கிற அதிகாரி நடத்துகிற விசாரணையின் சுவாரசியம் போய்விடும். உடைக்காமல் நான்காவது எபிசோடு வரை இழுத்தால், இரண்டாவது எபிசோடு முடிவதற்குள் யாராவது யூகித்து மீம் போட்டுவிடுவார்கள். படம் ஒரே மூச்சில் பார்ப்பது. சீரீஸில் எபிசோடுக்கும் எபிசோடுக்கும் நடுவே பார்வையாளருக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது, நம்மைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். ஒரே ரகசியத்தை நம்பி நிற்கிற படம் சீரீஸுக்கு ஆபத்து.

ரகசியத்தைப் பார்வையாளரிடம் முன்பே சொல்லிவிட்டு, மற்றப் பாத்திரங்களுக்குத் தெரியாமல் வைத்திருக்கிற படம் நல்லது. 'பாபநாசம்' (2015) பெரும்பகுதி அப்படித்தான். கொலை நமக்குத் தெரியும், போலீசுக்குத் தெரியாது. அந்த இடைவெளியை எத்தனை எபிசோடு வேண்டுமானாலும் ஓட்டலாம்.

விதியை மாற்றலாம், ஆனால் ஒன்றே ஒன்று

சில படங்கள் ஒரு சின்ன விதியால் அடைபட்டுக் கிடக்கும். அந்த விதியைத் தளர்த்தினால் திறந்துகொள்ளும். 'ஸ்டார்கேட்' (1994) படத்தில் வேற்றுக் கிரகத்துக்குப் போகிற ஒரு வளையம் உண்டு, போகிற இடம் ஒன்றே ஒன்று. 1997-ல் தொடர் தொடங்கியபோது எழுதியவர்கள் செய்த பெரிய மாற்றம், அப்படிப்பட்ட வளையங்கள் எண்ணற்ற கிரகங்களில் இருக்கின்றன என்றது. பத்து சீசன், 214 எபிசோடு.

'12 மங்கீஸ்' (1995) படத்தில் நடந்ததை யாராலும் மாற்ற முடியாது, அந்தச் சோகம்தான் படம். 2015-ல் வந்த தொடரில் மாற்ற முடியும் என்று வைத்தார்கள். படத்தின் ரசிகர்களுக்கு அது பெரிய துரோகமாகத் தெரிந்திருக்கும். ஆனால் மாற்றவே முடியாது என்றால் நான்கு சீசன் எதற்காக ஓடுவது? நான் சொல்வது, ஒரு விதியை மாற்றுங்கள், இரண்டாவதை மாற்ற வேண்டி வந்தால் பேசாமல் புதுக் கதை எழுதுங்கள். படத்தின் பெயர் வெறும் போஸ்டருக்குத்தான் உதவும்.

நீட்டுவதா, நகர்வதா?

இவ்வளவும் தேறிய பிறகு எந்த வழியில் போவது என்று முடிவு செய்ய வேண்டும். அதே கதையை விரிவாகச் சொல்வது ஒரு வழி. இது பெரும்பாலும் படம் எடுக்கும்போதே இரண்டுக்கும் சேர்த்து எடுத்திருந்தால்தான் சரியாக வரும். இங்மார் பெர்க்மனின் 'ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்' (1982) தியேட்டரில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, தொலைக்காட்சியில் ஐந்து மணி நேரத்துக்கும் மேலே. ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் படமான 'தாஸ் போட்' (1981) பிறகு தொலைக்காட்சிக்கு ஐந்து மணி நேரத் தொடராக வந்தது. அதில் கூடுதல் நீளம் இழுவையாகப் படாது. கடலுக்கடியில் ஒன்றும் நடக்காமல் அடைந்து கிடப்பதுதானே அந்தக் கதையே.

அதே ஆட்கள், அதே வேலை, புதுப் பிரச்சினை என்பது இரண்டாவது வழி, 'மாஷ்' போனது.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ஆட்களையெல்லாம் விட்டுவிட்டு அந்த உலகத்தின் குணத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. 'ஃபார்கோ' (1996) படத்தில் இருக்கிற ஒருவர்கூட 2014-ல் தொடங்கிய தொடரில் கதாபாத்திரமாக வரவில்லை. பனி, மரியாதையாகப் பேசுகிற மக்கள், அசட்டு ஆசையால் தொடங்கிக் கொலையில் முடிகிற விவகாரம், இவ்வளவுதான் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு குறும்பு செய்தார்கள். படத்தில் ஒருவன் பணப் பெட்டியைப் பனியில் புதைத்துவிட்டுப் போவான், திரும்பி வரவே மாட்டான். தொடரின் முதல் சீசனில் வேறு ஒருவர் கையில் அந்தப் பெட்டி கிடைக்கிறது. படத்தைப் பார்த்தவருக்கு ஒரு பரிசு, பார்க்காதவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. உங்கள் படத்திலும் அப்படித் தொலைந்துபோன பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒன்று கிடைத்தால் பைலட் எபிசோடு, அதாவது முதல் எபிசோடு, பாதி எழுதிய மாதிரி.

ஒரு படத்தைப் பிரித்துப் போடுவோம்

நலன் குமரசாமியின் 'சூது கவ்வும்' (2013) எடுத்துக்கொள்கிறேன். ஆள் கடத்தலைத் தொழிலாகச் செய்கிற தாஸ், அதற்கு விதிகள் வைத்திருக்கிறார். அதிகாரத்தில் இருப்பவர்களைத் தொடக்கூடாது, ஆயுதம் கூடாது, கொடுக்கக்கூடிய சின்னத் தொகையாகக் கேட்க வேண்டும் என்கிற மாதிரி. விதி என்று ஒன்று எழுதி வைத்தாலே எனக்கு நாக்கில் நீர் ஊறும். ஒவ்வொரு விதியும் ஒரு எபிசோடு, ஏனென்றால் விதி இருப்பதே உடைபடுவதற்காக. படத்தில் விதிகளை விளையாட்டாகச் சொல்லிவிட்டு, நேராக அமைச்சர் மகன் கடத்தலுக்குப் போய்விடுகிறார்கள். விதியைக் கடைப்பிடித்து நிம்மதியாகத் தொழில் செய்த காலம் நமக்குச் சரியாகக் கிடைக்கவே இல்லை.

முதல் எபிசோடு: வேலையில்லாத மூன்று பையன்கள், அவர்கள் கண்ணால் பார்க்கிற ஒரு கடத்தல், ஆரம்பத்திலிருந்து பணம் கைக்கு வருவது வரை. முடிவில் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டாவதை முழுக்கக் கடத்தப்பட்ட பிள்ளையின் வீட்டில் வைத்து எழுதுவேன். போன் மணி அடிக்கிறது, அப்பா மட்டும் எடுக்கிறார், அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தாஸின் குரல் போனில் மட்டும். சிரிப்புப் படம் இது என்பதால் இந்த எபிசோடு அவசியம். ஆறு மணி நேரம் ஒரே சிரிப்பில் ஓட்டினால் மூச்சு முட்டும். மூன்றாவதில் ஆயுதம் கூடாது என்ற விதிக்குச் சோதனை. நான்காவதில்தான் அமைச்சர் மகன் அருமை பிரகாசத்தைக் கடத்தச் சொல்லி ஆள் வருகிறது, தாஸ் தன் முதல் விதியை உடைக்க ஒப்புக்கொள்கிறார், போய்ப் பார்த்தால் பையன் தன்னையே கடத்திக்கொள்ள ஏற்பாடு செய்து வைத்திருக்கிறான். படத்தில் சீக்கிரமே வந்துவிடுகிற இது, இங்கே சீசனின் நடுக்கோடு.

ஐந்தாவது அருமை வீடு. நேர்மையான அமைச்சர் அப்பா, அவரிடம் ஒரு பைசா பேராத மகன். படத்தில் இது சில காட்சிகள்தான். எனக்கு இது ஒரு முழு எபிசோடு, ஒருவேளை சீசனிலேயே நல்ல எபிசோடு. அப்பா மேல் நமக்கு மரியாதையும் எரிச்சலும் சேர்ந்தே வர வேண்டும். ஆறாவது, பணம் கைமாறுவதும் அது காணாமல் போவதும். ஏழாவது இன்ஸ்பெக்டர் பிரம்மாவுடையது. வாயே திறக்காத ஆள். வசனமே இல்லாத ஒருவரை நடுவில் வைத்து 45 நிமிடம் எழுதுவது, கேட்கும்போதே தயாரிப்பாளருக்கு வயிற்றைக் கலக்கும், எழுதுகிறவருக்கு ஆசையாக இருக்கும். எட்டாவது கோர்ட்டும் அதற்குப் பிறகும். படம் முடிகிற இடத்தில் அருமை அரசியலுக்குள் வந்துவிடுகிறான். இப்போது மறுநாள் காலைச் சோதனையைப் போடுங்கள்: அதிகாரத்தில் இருப்பவர்களைத் தொடக்கூடாது என்பது தாஸின் விதி, அதிகாரத்தில் இருப்பவனோ பழைய கூட்டாளி. சீசன் 2-க்குக் கேள்வி கையில் தயாராக இருக்கிறது.

ஒரே சிக்கல் ஷாலு. தாஸின் கண்ணுக்கு மட்டும் தெரிகிற கற்பனைக் காதலி. இரண்டு மணி நேரத்துக்கு அது அருமையான நகைச்சுவை. ஆறு மணி நேரம் ஓடினால் பார்வையாளர் "ஏன்?" என்று கேட்பார். ஒன்று, அவள் எங்கிருந்து வந்தாள் என்பதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் சிரிப்பைக் கொன்றுவிடலாம். இல்லையென்றால் நான்காவது எபிசோடில் அவளைப் போகவிட்டுவிட்டு, அவள் இல்லாமல் தாஸ் தடுமாறுவதைக் காட்டலாம். நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். எந்தப் படத்தை எடுத்தாலும் இப்படி ஒன்று இருக்கும், படத்தின் நீளத்துக்கு மட்டுமே தாங்குகிற ஒரு அழகு. அதைத் தொடக்கத்திலேயே அடையாளம் கண்டு, வைத்திருப்பதா விடுவதா என்று முடிவு செய்துவிடுங்கள். ஆறாவது எபிசோடு எழுதும்போது முடிவு செய்தால் ஐந்தையும் திருத்தி எழுத வேண்டி வரும்.

போகிற போக்கில்

ஸ்டார் பெயரை அழித்துவிட்டு, பாத்திரத்தின் பெயருக்குப் பதில் 'அ' என்று போட்டு ஒன்லைனை (கதையின் சுருக்க வரியை) படித்துப் பாருங்கள். படுத்துவிட்டால் நீங்கள் விரும்பியது கதையை அல்ல, நடிகரை.

உரிமை விஷயம்: படத்தின் உரிமை பெரும்பாலும் தயாரிப்பாளரிடம் இருக்கும், இயக்குநரிடம் அல்ல. ரீமேக் உரிமையை ஏற்கெனவே விற்றிருந்தால் அதில் சீரீஸும் அடக்கமா என்று காகிதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நாவலிலிருந்து வந்த படம் என்றால் நாவலின் உரிமை தனி. ஆசைக்கு எழுதிப் பார்க்க இதெல்லாம் தேவையில்லை, யாரிடமாவது கொண்டுபோய் நீட்டுவதற்கு முன் தேவை.

எழுதிக் கொடுக்கும்போது எட்டு எபிசோடின் கதையையும் பக்கம் பக்கமாக எழுதாதீர்கள், யாரும் படிப்பதில்லை. இந்த உலகத்தில் தினமும் பிரச்சினை எங்கிருந்து வருகிறது என்று ஒரு பத்தி. யாரெல்லாம், ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று ஒரு பக்கம். முதல் எபிசோடு சீன் ஆர்டர் (காட்சிகளின் வரிசை) முழுசாக. மற்ற ஏழுக்கும் தலா மூன்று வரி, அதில் மூன்றாவது வரி அந்த எபிசோடு எந்த இடத்தில் நிற்கிறது என்பது. நிற்கிற இடத்தை எழுதும்போது கத்தி, துப்பாக்கி, கதவு தட்டும் சத்தம் இவற்றைத் தவிர்த்துவிட்டு, யாராவது ஒரு முடிவு எடுக்கிற இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கதவைத் தட்டியது யார் என்பது அடுத்த எபிசோடின் முதல் நிமிடத்தில் தீர்ந்துவிடும். தாஸ் தன் விதியை உடைக்கத் தலையாட்டிவிட்டார் என்றால் அது நாலு எபிசோடுக்குத் தீராது.